அரை எச்.பி. மோட்டாருக்கு உயிர் வந்த வாரம்

ஜூன் 3

பாலிஷ் சக்கரம் ஓட்ட ஒரு பழைய சிங்கிள் ஃபேஸ் மோட்டார் கிடைத்தது. தகட்டைத் துடைத்ததும் எழுத்து தெரிந்தது: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அரை எச்.பி., 1440 சுற்று. முதுகில் கண்டென்சர், அதாவது மோட்டார் கிளம்ப உதவுகிற, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம். டெர்மினல் பெட்டிக்குள் நான்கு ஒயர், நான்கும் எண்ணெயில் ஊறி ஒரே கறுப்பு. ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினேன். பேரிங் நன்றாக இருக்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 4

முதலில் கண்டென்சரின் இரண்டு முனைக்கும் குண்டு பல்பைக் கொடுத்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டேன். இதை மறக்கவே கூடாது. பிறகு மல்டிமீட்டரில் இரண்டிரண்டு ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு ஜோடி 5 ஓம். மற்ற இரண்டுக்கும் நடுவில் மீட்டர் அசையவே இல்லை. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற ஸ்டார்ட்டிங் காயில் எரிந்துவிட்டது போல, ரீவைண்டிங்தான் (புதுக் கம்பி சுற்றுவதுதான்) கதி என்று நினைத்துக்கொண்டே படுக்கப் போனேன்.

ஜூன் 5

மனசு கேட்கவில்லை, திறந்து பார்த்தேன். திரும்பப் பொருத்தும்போது இடம் மாறாமல் இருக்க, முதலில் மூடியிலும் பாடியிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டேன். காயிலில் கருகிய வாசனை இல்லை, வார்னிஷ் பளபளப்பு அப்படியே இருக்கிறது. கோளாறு சென்ட்ரிஃபியூகல் சுவிட்சில். முக்கால் வேகம் வந்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டித்துவிடுகிற சுவிட்ச் அது. நிற்கும்போது மூடியிருக்க வேண்டும். இரண்டு பாயின்டும் தொட்டபடிதான் இருந்தன, ஆனால் நடுவே கரி படிந்திருந்தது. நைஸ் எமரித் தாளை மடித்து நடுவில் விட்டு நான்கு இழுப்பு, அப்புறம் துணியால் துடைத்தேன். மீட்டரில் 14 ஓம்! மெல்லிய கம்பி என்பதால் ஸ்டார்ட்டிங் காயிலுக்கு ஓம் கூடுதலாக இருக்கும். அப்படியானால் 5 ஓம் ஜோடி ரன்னிங், அதாவது மோட்டார் ஓடுகிறவரை வேலை செய்கிற முக்கியக் காயில்.

ஜூன் 7

இரவல் மெக்கரில் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) 500 வோல்ட் கொடுத்துக் காயிலுக்கும் பாடிக்கும் இடையே பார்த்தேன்: 20 மெகாஓம். ஒன்றுக்குக் கீழே வந்திருந்தால் கரன்ட் கொடுத்திருக்க மாட்டேன். ரன்னிங் காயில் நேராக ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும். ஸ்டார்ட்டிங் காயில் கண்டென்சரோடு சீரிஸாக அதே இரண்டுக்கும். பச்சை எர்த் ஒயரை லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து பாடியில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் முறுக்கினேன். பெயின்ட் மேல் முறுக்கிய எர்த்தை நான் நம்ப மாட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். எகிறிப் பிடித்தது, உடனே உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் பிரிகிற சத்தம். அந்த டக் கேட்காவிட்டால் நொடியும் தாமதிக்காமல் நிறுத்திவிட வேண்டும்; ஸ்டார்ட்டிங் காயில் நீடித்த ஓட்டத்தைத் தாங்காது.

ஆனால் சுற்றியது எதிர்த்திசையில். அப்படியே விட்டால் சக்கரத்தின் நட் தானாகக் கழன்றுவிடும்.

ஜூன் 8

ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றினால் திசை மாறாது. ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனையை மட்டும் இடம் மாற்றினேன், சரியாகச் சுற்றுகிறது. சாதாரண சுவிட்சை எடுத்துவிட்டு, கரன்ட் போய்த் திரும்பி வந்தாலும் மோட்டாரைத் தானாக ஓடவிடாத நோ-வோல்ட் சுவிட்ச் பொருத்தினேன். ஓடும்போதே மெயினை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் அசையவில்லை. நாளை சக்கரம் மாட்ட வேண்டும்.