அகாவஸ் நத்தையின் சிவந்த விளிம்பு: படமெடுத்துப் பார்த்ததில் இதுவரை

அகாவஸ் ஹேமாஸ்டோமா நம் இலங்கைத் தீவுக்கே உரிய மரநத்தை. தெற்கே காலி நகரப் பக்கத்து ஈரமான கரையோரத்தில் இருக்கிறது. 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்தது. வளர்ந்த நத்தையின் ஓட்டு வாயைச் சுற்றி இளஞ்சிவப்பு விளிம்பு தடித்து மடிந்திருக்கும். அதைத் தெளிவாகப் படமெடுக்க வேண்டும் என்றுதான் மிக அருகில் படமெடுக்க உதவும், போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கினேன்.

வெள்ளவத்தையில் பயிற்சிக்குக் கிடைத்தது முற்றத்துச் சாடிகளுக்கு வரும் ஆபிரிக்க நத்தை. ஃபிளாஷ் போட்டால் ஈர ஓட்டில் வெள்ளைத் திட்டு விழுந்து கோடுகள் மறைந்துவிடுகின்றன. டோர்ச்சுக்கு எண்ணெய்த்தாளை மடித்துச் சுற்றிப் பக்கவாட்டில் பிடித்ததும், வளர்ச்சிக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து தெரிந்தன. (இந்த நத்தையைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். மூளையுறை அழற்சியை உண்டாக்கும் புழு அதன் உடலில் இருக்கலாம்.)

சரி, அப்புறம் மழை நாளாகப் பார்த்துக் கொழும்புக் கோட்டையிலிருந்து காலிக்கு ரயில். அம்மாவின் சிநேகிதி வீட்டுத் தோட்டத்தில், பாசி படர்ந்த பலாமரத்தில் அகாவஸ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சிக்கல் அங்கேதான்: விளிம்பு முழுவதும் பட்டையோடு அழுந்தி மறைந்திருக்கிறது. பிடுங்கித் திருப்பிப் படமெடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடும் உடையலாம், உடலும் காயப்படலாம்.

“கொஞ்சம் பொறுங்கோ மகள், மழை விட்டால் அது தன்பாட்டில வெளிக்கிடும்” என்றார் அன்ரி. அப்படியே நடந்தது. முதலில் உணர்கொம்புகள் நீண்டன, மேல் சோடியின் நுனியில் கண்கள் கரும்புள்ளியாக. பாசியைச் சுரண்டியபடி ஏறி, ஒரு மெல்லிய கிளைக்குத் தாவாமல் மெல்ல மாறியது. கிளை அதன் பாதத்தைவிட ஒடுக்கம். கீழிருந்து பார்த்தால் சிவந்த விளிம்பு வெளியே!

ஆனால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி அந்தச் சிவப்பை வெளிறச் செய்தது. போன் திரையில் ஓடு தெரியும் இடத்தில் விரலை அழுத்தி ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தை ஒரு படி குறைத்த பிறகே கண்ணால் கண்ட நிறம் படத்தில் வந்தது. இந்த நத்தைக்கு லென்ஸைவிட அந்தப் பூட்டுத்தான் முக்கியம்.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியதும் மறுபடி வரட்டுமா என்று அன்ரியிடம் கேட்டிருக்கிறேன். அடுத்துத் தேடப்போவது, விளிம்பு இன்னும் தடிக்காத குஞ்சுகளை.