முயல் தும்மினால்

வீட்டில் முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தும்மியதும் "சளி பிடிச்சிருக்கு" என்று நம் வீட்டு மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் வெள்ளச்சி விடாமல் தும்மியபோது, மருத்துவர் மூக்கைப் பார்க்கும் முன் முன்னங்கால்களைத்தான் திருப்பிப் பார்த்தார். மூக்கு ஒழுகினால் முயல் அதில்தான் துடைத்துக்கொள்ளும். உட்பக்க முடி ஒட்டிச் சடை போட்டிருக்கும். இவளுக்கு முடி சுத்தமாக இருந்தது. மூக்கில் தெளிந்த நீர் மட்டும். தூசி, புகை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்றார். காய்ந்த புல்லை வெளியே உதறிவிட்டுப் போட்டோம். கூண்டுப் பக்கம் கொசுவத்தி, சாம்பிராணி இரண்டையும் நிறுத்தினோம். மூத்திரத் தட்டைத் தினமும் கழுவினோம். அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா மூக்கை அரித்துவிடும். தும்மல் மெல்ல அடங்கியது.

ஆனால் எல்லாமே அலர்ஜி இல்லை. சளி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கெட்டிப்பட்டால் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாவாக இருக்கலாம். கடைவாய்ப் பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை அழுத்தினாலும் கண்ணும் மூக்கும் ஒழுகும், அதனால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

முயல் மூக்கால் மூச்சுவிடும் பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, அரை நாளாகத் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.