வேமத் துறைமுகச் சுவரடியில் சிறு மீன்கள்

இங்கிலாந்தின் தென்கரையில், வே என்னும் சிற்றாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் வேமத். லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் ரயில் கொண்டு சேர்த்துவிடுகிறது. நிலையத்திலிருந்து மணற்கரை நடை தூரம்தான். இந்த ஊர் இருக்கும் டோர்செட், அதையடுத்த கிழக்கு டெவன் கரையோரம் 2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதனால் இங்கே வருபவர்களில் பலர் பாறைகளில் புதைந்திருக்கும் தொல்லுயிர் எச்சங்களைத் தேடி வருகிறார்கள். செப்டம்பரில் நான் சென்றது, துறைமுகச் சுவரின் அடியிலும் பாசி படர்ந்த பாறையிடுக்குகளிலும் வாழும், பெரும்பாலும் விரல் நீளமே உள்ள மீன்களைச் செயற்கை இரையால் மிக மெல்லிய நரம்பில் பிடித்து, பார்த்து, திரும்ப நீரில் விடுவதற்காக.

இந்த முறையை லைட் ராக் ஃபிஷிங் என்கிறார்கள். ஜப்பானியத் துறைமுகங்களில் இரவு விளக்கு வெளிச்சத்துக்கு வரும் சிறு பாரைகளையும் பாறை மீன்களையும் பிடிப்பதற்காக வளர்ந்த நுட்பம் இது. பிரிட்டனின் கரைகளுக்குப் பரவியது இந்த நூற்றாண்டில்தான். பிரிட்டனின் பாறைக் கரைகளில் பெரிய மீன்கள் குறைந்துவிட்டன என்ற ஏக்கம் தூண்டிற்காரர்களிடையே எப்போதும் உண்டு. ஆனால் சிறு மீன் இனங்களுக்கு அங்கே குறைவில்லை. ஒரே சுவரில் ஒரே பகலில் உளுவை, பிளென்னி, ராஸ், தேள்மீன் என்று பல குடும்பங்களைச் சந்திக்க முடியும். பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மீன்களின் சாதனைகளைப் பதிவுசெய்யும் குழு, ஒரு பவுண்டு எடையைத் தாண்டாத இனங்களுக்கென்றே தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. இந்த நாட்டில் கடலில் கோல் கொண்டு மீன் பிடிக்க உரிமச் சீட்டு வேண்டியதில்லை, ஆறு குளங்களுக்குத்தான் வேண்டும் என்பதும் வெளியூரிலிருந்து வருபவருக்கு வசதியானது.

கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கோல் சுமார் 7 அடி நீளம். அரை கிராமிலிருந்து 7 கிராம் வரையிலான எடையை வீசத்தக்கது. அதன் நுனி ஊசிபோல் மெலிந்து, ஒரு கிராம் ஈயத்தின் அசைவுக்கும் வளைந்து கொடுக்கும். ரீல் 1000 அல்லது 2000 அளவு எனப்படும் சிறிய வகை. அதில் சுற்றியிருப்பது தங்கூசி என்னும் ஒற்றை நைலான் இழை அன்று, 4 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு. தங்கூசி இழுத்தால் நீளும். மீன் இரையைத் தொட்ட செய்தி அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும். பின்னல் நரம்பு நீள்வதில்லை, மேலும் அது மெல்லியதாக இருப்பதால் காற்றும் நீரோட்டமும் அதைப் பிடித்துத் தள்ளுவது குறைவு. அதனால்தான் மிகச் சிறிய ஈயம்கூட நேராக அடிக்குச் செல்கிறது. ஆனால் பின்னல் நரம்பு பாறையில் உரசினால் எளிதில் அறுந்துவிடும் என்பதால், அதன் முனையில் ஒரு மீட்டர் அளவுக்கு ஃப்ளூரோகார்பன் நரம்பைச் சேர்த்துக் கட்ட வேண்டும். தூண்டில் முள் 10-ஆம் எண்ணிலிருந்து 16-ஆம் எண் வரை. எண் கூடக்கூட முள் சிறிதாகும். இரையாக மணமூட்டப்பட்ட செயற்கைப் புழுவை நறுக்கி, சுண்டுவிரல் நகத்தின் நீளத்துக்கு மட்டும் கோத்துக்கொள்கிறேன். புழு நீளமாக இருந்தால் சிறு வாய் அதன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும்.

வேமத்தில் நான் முதலில் சென்ற இடம், துறைமுக வாயின் தென்புறத்தில் நோத் கோட்டையின் காலடியிலிருந்து கடலுக்குள் நீளும் கல் அலைத்தடுப்புச் சுவர். நகரத்தின் பக்கமிருந்து மறுகரைக்குத் துடுப்புப் படகில் கடந்துபோகலாம். அந்தச் சில நிமிடங்களில் படகிலிருந்து குனிந்து நீரின் நிறத்தைப் பார்த்துவிடுவது நல்லது. நீர் தெளிந்திருந்தால் ராஸ் மீன்கள் கண்ணால் இரையைத் தேடும். கலங்கியிருந்தால் மணத்தை நம்பி வரும் உளுவைகளையும் பிளென்னிகளையும் எதிர்பார்க்கலாம். 1860-க்கும் 1872-க்கும் இடையில் கட்டப்பட்ட அந்தக் கோட்டை, அருகிலுள்ள போர்ட்லண்ட் துறைமுகத்தைக் காப்பதற்காக எழுந்தது. அதன் கீழே சுவரில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கனத்த ஈயத்தைக் கட்டி, தோள் வலிக்க, தொலைவுக்கு வீசிக்கொண்டிருந்தார்கள். தொலைவுக்கு வீசுவதிலும் நியாயம் இருக்கிறது, அவர்கள் தேடும் மீன் வேறு. ஆனால் கரையிலிருந்து பிடிப்பவருக்குக் கடல் தரும் மிகச் செழிப்பான இடம் அவர் காலுக்கு நேர் கீழே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சுவரின் கற்களுக்கிடையே நிழலும் ஒளிவிடமும் இருக்கின்றன. கற்களின் மேல் பாசியும் மட்டிச் சிப்பியும் பற்றிக்கொள்கின்றன. அவற்றை நம்பி இறால் குஞ்சும் சிறு நண்டும் வாழ்கின்றன. அவற்றைத் தின்ன மீன் வருகிறது. வெறும் மணலுக்கு மேலே வீசும்போது இதில் எதுவும் இல்லை.

எனவே நான் வீசவே இல்லை. ஈயத்தை நரம்பின் கடைசி முனையிலும், முள்ளை அதற்கு ஒரு சாண் மேலேயும் கட்டும் டிராப் ஷாட் முறையில், சுவரை ஒட்டி நேராக இறக்கினேன். ஈயம் கல்லில் உட்கார்ந்ததும் நரம்பைச் சற்றுத் தளர்த்தினால் புழு மெல்லக் கீழே சாயும், இறுக்கினால் எழும். ஈயம் நகராமலே இரை அசைவதுதான் இந்தக் கட்டின் சிறப்பு. மீன் தன் பொந்தை விட்டு ஒரு கையளவு வெளியே வந்தால் போதும், அதற்குமேல் துரத்த வேண்டியதில்லை. பாறை உளுவை கடிக்கும் விதம் தனியானது. முதலில் ஒரு தட்டல், பிறகு சிறு இடைவெளி, அதன்பின் பட்டம் விடும்போது நூலில் ஏறிவரும் நடுக்கம் போன்ற ஒரு படபடப்பு. அந்த இடைவெளியில் கோலைத் தூக்கினால் வெறும் முள்தான் வரும். படபடப்பு தொடங்கிய பின் மணிக்கட்டை மட்டும் உயர்த்த வேண்டும்.

மேலே வந்த உளுவை கருமை கலந்த பழுப்பு நிறத்தில், முதல் முதுகுத் துடுப்பின் விளிம்பில் வெளிறிய ஆரஞ்சுப் பட்டையுடன் இருந்தது. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகி உறிஞ்சும் கிண்ணமாகியிருப்பது உளுவைக் குடும்பத்தின் அடையாளம். ஈரக் கையில் வைத்திருந்தபோது அந்தக் கிண்ணம் உள்ளங்கையில் பற்றிக்கொண்டதை உணர முடிந்தது. அலை வந்து மோதும் கல்லில் அது நிலைத்து நிற்பது இப்படித்தான்.

உளுவைகளைத் தேடுபவர் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1981-ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் பிரிட்டனில் இரண்டு உளுவை இனங்களைப் பாதுகாக்கிறது: தென்மேற்குக் கரையின் உயரமான பாறைக் குட்டைகளில் வாழும் பெரு உளுவையும், கூச் உளுவையும். பெரு உளுவையும் பாறை உளுவையும் சிறு வயதில் ஒன்றுபோலத் தோன்றக்கூடியவை. ஆகவே டெவன், கார்ன்வால் பக்கம் போகிறவர்கள் கரையின் மேல்மட்டக் குட்டைகளில் தூண்டில் இறக்காமலிருப்பதே சரி என்று நினைக்கிறேன். விரலளவு மீன் என்பதற்காக அதற்குச் சட்டம் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது.

சுவரின் நடுப்பகுதியில், கெல்ப் என்னும் பெரிய கடற்பாசி அலையில் அசைந்துகொண்டிருந்த இடத்தில், கார்க்விங் ராஸ் கிடைத்தது. இந்தப் பயணத்தில் நான் மிகவும் விரும்பிப் பார்த்த மீன் அதுதான். ஆண் மீனின் கன்னத்தில் நீலப்பச்சைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. உடல் செம்பழுப்பும் பச்சையுமாக மின்னுகிறது. வால் தொடங்கும் இடத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளி வாலின் மேல் விளிம்பில் இருந்தால் அது கோல்ட்சின்னி என்ற வேறு ராஸ். வசந்தத்திலும் கோடையிலும் ஆண் கார்க்விங் பாசித் துணுக்குகளை வாயால் கொண்டுவந்து பாறையிடுக்கில் கூடு கட்டுகிறது; பெண் வந்து முட்டையிட்டுச் சென்றபின் அந்தக் கூட்டைக் காத்து நிற்பதும் ஆண்தான். கூட்டின் ஆண் மீனைத் தூண்டிலில் எடுத்துவிட்டால், காவலில்லாத முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். செப்டம்பரை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் காரணம்: கூடு கட்டும் காலம் அநேகமாக முடிந்திருக்கும், நீரும் ஆண்டின் உச்ச வெப்பத்தை ஒட்டியே இருக்கும். இதே குடும்பத்தின் பெரிய உறவான பாலன் ராஸ், எல்லாம் பெண்ணாகவே பிறந்து, அவற்றில் சில பிற்காலத்தில் ஆணாக மாறும் இனம். மெதுவாக வளர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. 4 பவுண்டு நரம்பில் ஒரு நடுத்தர பாலன் ராஸ் சிக்கினால் அது நேரே பாறையடிக்குப் பாயும். அந்த முதல் பாய்ச்சலிலேயே கோலைச் சாய்த்து அதன் தலையைத் திருப்பாவிட்டால் நரம்பு அறுந்துவிடும்.

டாம்பாட் பிளென்னி கிடைத்தது சுவரின் உட்புறத்தில், பழைய ஏணி ஒன்றின் அடியில். கண்களுக்கு மேலே கிளைவிட்ட இரண்டு கொம்புகளும், அகன்ற உதடுகளும், செம்பழுப்புப் பட்டைகளும் கொண்ட அந்த மீன் சிறிதும் அஞ்சாதது. அருகில் கயிற்றில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் ஓடிவந்து பார்த்தான். நீர் நிரம்பிய வாளியில் அதை விட்டபோது, அது அடியில் உட்கார்ந்து இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டி எங்களை மாறி மாறிப் பார்த்தது. அவன் தன் நண்டுகளை மறந்து நெடுநேரம் குனிந்திருந்தான். பிடித்த ஏணிக்கு அடியிலேயே அதை இறக்கி விட்டேன். பிளென்னிகள் தங்கள் பொந்தோடு ஒட்டி வாழ்பவை, வேறு இடத்தில் விடுவது அவற்றுக்கு நல்லதன்று.

மீனைக் கையாள்வதில் நான் விட்டுக்கொடுக்காத பழக்கங்கள் உண்டு. முள்ளின் நுனியிலுள்ள எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன். கழற்றும்போது வாய் கிழியாது. கையை நனைக்காமல் மீனைத் தொடுவதில்லை, உலர்ந்த கை அதன் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும். சூடேறிய கல்லின் மேல் மீனை வைத்துப் படம் எடுப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. ஒளி ஊடுருவும் சிறு பெட்டியில் கடல்நீர் நிரப்பி அதில் விட்டால், துடுப்புகள் விரிந்து, இனத்தை அடையாளம் காண்பதும் எளிதாகிறது.

மறுநாள் போர்ட்லண்ட் பக்கம் சென்றேன். செசில் கூழாங்கல் கரை அங்கே சுமார் 29 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் பின்னால் அடைபட்ட ஃப்ளீட் உப்பங்கழி, ஃபெரி பிரிட்ஜ் பாலத்தின் அடியில் போர்ட்லண்ட் துறைமுகத்தோடு கலக்கிறது. 1849-இல் தொடங்கிக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அந்தத் துறைமுகத்தை அணைத்திருப்பதால் வெளியே காற்று வீசும் நாளிலும் உள்ளே தூண்டில் போடலாம். பாலத்தடியில் நீரோட்டம் வேகமாக இருக்கும்போது என் சிறு ஈயத்தால் பயனில்லை. ஓட்டம் தணிந்தபின் மணலின் மேல் ஜிக் ஹெட்டை, அதாவது ஈயத் தலையோடு இணைந்த முள்ளை, மெல்ல இழுத்ததில் மணல் உளுவைகள் வந்தன. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மணற்பாங்கான கரைகளில் வீவர் என்ற சிறு மீன் மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதன் கரிய முதுகுத் துடுப்பின் முட்களிலும் செவுள் மூடியின் முள்ளிலும் நஞ்சு உண்டு. கறுப்புத் துடுப்பு தெரிந்தால் கையால் தொடாமல் குறட்டாலேயே முள்ளைக் கழற்ற வேண்டும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், தோல் வெந்துவிடாமல், அரைமணி நேரமாவது அந்த இடத்தை மூழ்க வைப்பதே முதலுதவி. அந்த நஞ்சு புரதம் என்பதால் சூட்டில் சிதைகிறது.

வேமத், போர்ட்லண்ட் கரையின் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், விந்தையானது. பிரிட்டனின் மேற்குக் கரையிலுள்ள பிரிஸ்டல் கால்வாயில் ஓத உயரம் 12 மீட்டரைத் தாண்டும்போது, இங்கே பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட அது ஏறக்குறைய 2 மீட்டர்தான். அதோடு, நீர் ஒருமுறை வற்றி, சிறிது ஏறி, மீண்டும் வற்றும் இரட்டைத் தாழ்நீர் இங்கே உண்டு; உள்ளூரில் அதைக் கல்டர் என்பார்கள். தாழ்நீர் நெடுநேரம் நிலைத்திருப்பதால், மெல்லிய ஈயத்தோடு சுவரடியைத் தேடுவதற்கு வேறு ஊர்களில் கிடைக்காத அவகாசம் கிடைக்கிறது. ராஸ், பிளென்னி எல்லாம் எனக்கு நன்றாகக் கடித்தது அந்த நேரத்திலும், அதையடுத்து நீர் ஏறத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலும்தான்.

பொழுது சாய்ந்தபின் கல் சுவர் வேறு இடமாகிவிடுகிறது. ராஸ்கள் இருட்டும் முன்பே இடுக்குகளில் உறங்கப் போய்விடுகின்றன. அவற்றுக்குப் பதில் நடுநீரில் ஸ்காட் என்னும் பாரை இனம் கூட்டமாக வருகிறது. இதற்கு 2 கிராம் ஜிக் ஹெட்டும் வேறு ஈயச் சுமையில்லாத நேர்நரம்பும் போதும்: விளக்கொளி முடிந்து இருள் தொடங்கும் விளிம்பில் போட்டு, மனதுக்குள் எண்ணிக்கொண்டே இறங்கவிட்டு, கடி விழுந்த எண்ணை நினைவில் வைத்து அடுத்த முறையும் அதே ஆழத்துக்கு இறக்க வேண்டும். பக்கவாட்டுக் கோடு முழுவதும் எலும்புச் செதில்கள் வரிசையாக ஓடுவதால் அதைப் பிடித்துத் திருப்பும்போது விரலைக் கீறும். உதடு மெலிது, ஆகவே ரீலின் பிரேக்கைத் தளர்த்திவைத்து, சுவரோரம் வரும்போது நீளக் கைப்பிடி வலையால் அள்ளுவதே நல்லது; கோலால் தூக்கினால் உதடு கிழிந்து விழும்.

அடுத்து இதே சுவருக்கு ஜனவரியில் வர எண்ணியிருக்கிறேன். ராஸ்கள் குளிரில் ஒடுங்கிவிடும். ஆனால் கன்னத்தில் நீண்ட முள் கொண்ட கடல் தேள்மீன் அப்போதுதான் ஆழமற்ற இடங்களில் முட்டையிட்டுக் காக்கும். பெயருக்கு மாறாக அதற்கு நஞ்சு இல்லை. முட்டைகளைக் காக்கும் மீனைத் தொந்தரவு செய்யாமல், சுவரின் வெளிப்பக்கத்தில், திறந்த கற்களின் மேல் மட்டுமே இரையை இறக்குவதாகத் திட்டம்.