மூன்றாம் பக்கத்து வரி

மார்ச் 2
ஹீமோகுளோபின் 8.1. மணிக்கொரு நாப்கின் நனைந்தால் வேறென்ன இருக்கும். இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றிய பிறகுதான் கருப்பைக் கட்டிகளை எடுக்கும் ஆபரேஷனுக்குத் தேதியாம்.

மார்ச் 30
10.4! தேதி கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 7
ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ரத்தப்போக்கு நிற்காவிட்டால் கருப்பையையே எடுக்கவும் சம்மதிக்கிறேன். அபூர்வம்தான் என்றார் டாக்டர். ஆறு கட்டி, பெரியது 9 செ.மீ., தசைக்குள் புதைந்திருக்கிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். எல்லாம் புரிகிறது. அந்த வரிக்குக் கீழே பெயரை எழுதத்தான் கை லேசில் வரவில்லை.

ஏப்ரல் 8
தூக்கம் இல்லை. அந்த வரி.

ஏப்ரல் 10
இருக்கிறது. கண் விழித்ததும் அதையே மூன்று தடவை கேட்டேனாம். மூன்று தடவையும் நர்ஸ், "இருக்கும்மா, பத்திரமா இருக்கு" என்றாராம்.

மதியம் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறைந்துவிடுமாம். நேராக எழக்கூடாது, ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, அப்புறம்தான் எழ வேண்டும். கதவு வரை பதினோரு அடி. பாதி வழியில் இருமல். தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்தும் தையல் மொத்தமும் பிரிந்துவிடும்போல இருந்தது.

ஏப்ரல் 11
வாயு பிரிந்தது. குடல் மறுபடி வேலை செய்கிறதாம். அம்மா அழுதேவிட்டாள்.

ஏப்ரல் 17
வீடு. ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. அக்கா மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள், "தூக்கு சித்தி". தூக்கவில்லை. அவள் போன பிறகு வெகுநேரம் அழுதேன்.

ஏப்ரல் 20
தையல் ஓரம் சிவந்திருக்கிறது. 99.2 டிகிரி. 100.4-ஐத் தொட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடி பார்த்தேன். 99.4. மறுபடி.

ஏப்ரல் 21
98.6.

ஏப்ரல் 28
பயாப்சி வந்தது. புற்று இல்லை. கருப்பைத் தசை ஆற வேண்டும், கருத்தரிக்க ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். பிறந்தால் சிசேரியன்தான், தைத்த இடம் பிரசவ வலியைத் தாங்காமல் கிழியலாம். புதிதாகக் கட்டி முளைக்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். 'பிறந்தால்' என்றாரே, அது ஒன்றுதான் மனதில் நின்றது.

மே 9
மாதவிலக்கு. காலையிலிருந்து மூன்றே நாப்கின்.