சோளத்தைக் கலக்கும் முன் நடுநரம்பைப் பாருங்கள்

இரண்டு சோள ரகங்களைக் கையால் மகரந்தம் சேர்த்துக் கலந்து, புது ரகம் தேடப் போகிறீர்களா? ஒன்றைக் கடையில் வாங்கலாம், இன்னொன்றை ஊரிலிருந்து கொண்டுவரலாம். பெங்களூர்க் கடையில் 'ஜோளா' என்றால் சில சமயம் மக்காச்சோளத்தை நீட்டுவார்கள். 'பிளி ஜோளா' என்று கேளுங்கள். ரொட்டிக்கு விற்கும் அந்த வெள்ளைச் சோளம் பெரும்பாலும் மால்தண்டி, பின்பருவ ரகம். ஜூனில் விதைத்தால் பகல் குறுகும்வரை உயர்ந்துகொண்டே போகும், கதிர் தள்ளாது. மாடித்தொட்டியில் செப்டம்பர் கடைசியில் போடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ரகத்தை 7 நாள் இடைவெளியில் மூன்று தடவை விதைத்தால், ஏதாவது ஒன்று அதோடு சேர்ந்து பூக்கும்.

எது தாய், எது தந்தை? இலையின் நடுநரம்பு மங்கிய பச்சையாக இருப்பதைத் தாயாக்குங்கள். பால்வெள்ளையாக இருப்பது தந்தை. வெள்ளை ஓங்கு பண்பு, அதாவது கலப்பில் பிறந்த செடியில் அதுதான் தெரியும். சோளம் தன் மகரந்தத்திலேயே கருவுறும் பயிர்; எவ்வளவு கவனித்தாலும் சில பூக்கள் தாமாகவே விதை கட்டிவிடும். அடுத்த தலைமுறையில் மங்கிய நரம்போடு வரும் நாற்று அப்படிப்பட்டதுதான், பிடுங்கி எறியலாம். இந்த அடையாளம் இல்லாமல் செய்யும் கலப்பை நான் நம்புவதில்லை.

கதிர் மேலிருந்து கீழாகப் பூக்கும். தாய்ச் செடியின் கதிரில், நுனியில் பூத்த பகுதியையும், இன்னும் பச்சையாக இருக்கும் அடிப்பகுதியையும் வெட்டிவிட்டு, மறுநாள் திறக்கப்போகும் 50 பூக்களை மட்டும் வையுங்கள். காம்புள்ள பூக்கள் பெரும்பாலும் ஆண் பூக்கள், அவற்றையும் கிள்ளிவிடுங்கள். மாலையில், காம்பற்ற பூவை இரு விரலால் பிடித்து, உமிக்குள் ஊசியைச் செருகி லேசாகத் திருகினால் மூன்று மகரந்தப்பைகளும் மேலே வரும். மூன்றையும் எண்ணுங்கள்! ஒன்று உடைந்து மஞ்சள் தூள் தெரிந்தாலும் அந்தப் பூவே வேண்டாம். ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முடித்ததும் பட்டர் பேப்பர் உறை.

தந்தைக் கதிருக்கும் முதல் நாளே உறை போட்டிருக்க வேண்டும். விடிந்து, பனி காய்ந்ததும் அதைத் தட்டி, உதிரும் புதுத்தூளைத் தாயின் சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் நுனியில்) தூவுங்கள். மதியம்வரை வைத்திருந்த தூள் செத்தது. ஈரம் பட்டாலும் கட்டிதட்டி வீணாகும். மறுநாள் காலை இன்னொரு தடவை தூவினால் மணி கூடும். பெயர்களையும் தேதியையும் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மழையில் கரையும். அக்டோபர் மழையில் உறை நனைந்து ஒட்டினால் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம்.

வீரிய ஒட்டு விதையை யாரும் இப்படி ஊசியால் உற்பத்தி செய்வதில்லை. 1954-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டீபன்ஸும் ஹாலந்தும், மைலோ என்ற சோள வகையின் சைட்டோபிளாசத்தில் (உயிரணுவில் கருவுக்கு வெளியே உள்ள பகுதியில்) ஆண்மலட்டுத்தன்மையை, அதாவது நல்ல மகரந்தம் உண்டாகாத தன்மையைக் காட்டிய பிறகுதான் அது வயலளவுக்கு வந்தது. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளம் சி.எஸ்.ஹெச்-1, 1964. ஊசி வேலை புது ரகம் தேடுபவர்களுக்கு.

மகரந்தம் தூவிய சுமார் 40 நாளில், மணியின் அடியில் கரும்புள்ளி விழுந்ததும் அறுக்கலாம். முதல் தலைமுறைச் செடி ஆளுயரம் தாண்டினால் பதறாதீர்கள். இரண்டு குட்டை ரகங்களில் குட்டை மரபணு வேறு வேறாக இருந்தால் பிள்ளை நெட்டையாகத்தான் வரும்.

அந்த முதல் தலைமுறைச் செடியின் கதிருக்குப் பூக்கும் முன்பே உறை போட்டால் இரண்டாம் தலைமுறை விதை கிடைக்கும். மகசூலுக்கான தேர்வு அங்குதான் தொடங்குகிறது, தொட்டியில் அது நடக்காது. 45-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 400 செடிக்கு முக்கால் சென்ட் போதும். ஓசூர்ப் பக்கம் சொந்தக்காரர் நிலம் இருந்தால் இப்போதே பேசி வையுங்கள். கிளி விரட்ட ஆளும் வேண்டும்.