பெண்களுக்குப் பக்க இடுப்பு வலி ஏன் அதிகம்?

தமிழில் ‘இடுப்பு வலி’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கீழ்முதுகைக் காட்டுவார்கள். அதனால் முதலில் ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது நல்லது. பக்கவாட்டில் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் விரல் போய் நின்றால், அது தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பு, கிரேட்டர் ட்ரோகாண்டர். குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்ற இரு பிட்டத் தசைகளின் நாண்கள் வந்து ஒட்டும் இடம். இங்கே வரும் வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, கூடுதல்.

“பெண்களுக்கு இடுப்பு அகலம், அதனால்தான்” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் சரி போலவே தெரியும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக்காலில் நின்றால், ஊன்றிய காலைக் கழித்து ஏறக்குறைய 50 கிலோ உடல் எடை அந்தக் காலின் இடுப்பு மூட்டின் மேல் நிற்கிறது. அந்த எடை மூட்டுக்கு 10 செ.மீ. உள்ளே விழுகிறது, தசை 5 செ.மீ. வெளியே இருந்து இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சீசா கணக்குதான்: தசை 100 கிலோ இழுக்க வேண்டும், மூட்டை 150 கிலோ அழுத்தும். மூட்டுகள் தள்ளி அமைந்து 10 செ.மீ. 11 ஆனால், தசையின் வேலை 110 கிலோ.

ஆனால் இது அசையாமல் நிற்பவரின் கணக்கு. நடக்கும்போது தரையின் எதிர்விசை செங்குத்தாக வருவதில்லை, சற்றுச் சாய்ந்தே வருகிறது. நடையையும் ஓட்டத்தையும் அளந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அகலமான இடுப்பால் ஆற்றல் செலவு கூடவில்லை என்றே தெரிந்தது. அகலத்தின் மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது நசுங்கல். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை வெளிப்பக்கமாக ஓடும் இலியோடிபியல் பட்டை, தொடை உள்நோக்கிச் சாயச் சாய, நாணை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. ஓடும்போதும் குதித்து இறங்கும்போதும் பெண்களின் தொடை சராசரியாக அதிகம் உள்ளே சாய்ந்து திரும்புகிறது. உடல் எடைக்கு ஈடாகப் பார்த்தாலும் பக்கத் தசையின் பலம் சராசரியில் குறைவு. (சராசரிதான். இதற்கு நேர்மாறான ஆண்களும் பெண்களும் ஏராளம்.)

குழந்தையை ஏந்தி அந்தப் பக்க இடுப்பை வெளியே தள்ளி நிற்பது, நாற்காலியில் கால்மேல் கால் போடுவது, ஒருக்களித்துப் படுக்கும்போது மேல்கால் முன்னால் விழுவது எல்லாமே இதே நசுங்கல்தான். படுக்கும்போது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளும் தலையணையைக் கால்களுக்கு இடையே வையுங்கள். வலிக்கிறதே என்று காலைக் குறுக்கே இழுத்து ஸ்ட்ரெச் செய்யாதீர்கள். பலரும் கெடுத்துக்கொள்வது இதில்தான்.

சோதிக்க, சுவரை ஒரு விரலால் தொட்டபடி வலிக்கும் காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். அதற்குள் அந்தப் புடைப்பில் வலி வந்தால் நாண் மீது சந்தேகம் வலுக்கும். மறுபக்க இடுப்பு தாழ்ந்தால் ஊன்றிய பக்கத் தசை தளர்ந்திருக்கலாம். உடலை ஊன்றிய கால் பக்கம் சாய்த்தால் தாழ்வது தெரியாது, எனவே கண்ணாடியில் தோளையும் பாருங்கள்.

வலி கடுமையாக இருக்கும்வரை அசைவில்லாத பயிற்சி போதும். மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கு மேலே பெல்ட் கட்டி, மெதுவாக வெளியே தள்ளி 30 விநாடி பிடியுங்கள். 4 அல்லது 5 முறை. வலி அடங்கிய பிறகு ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கலாம்: 10 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதுகையும் குதிகாலையும் சுவரோடு ஒட்டி, குதிகால் சுவரில் வழுக்கியபடி மேலே போகட்டும். கால்விரல் கூரையைப் பார்த்தாலோ கால் முன்னால் வந்தாலோ முன்பக்கத் தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். எவ்வளவு செய்தாலும் மீடியஸுக்குப் போய்ச் சேராது.

அன்றிரவு வலி தூக்கத்தைக் கெடுத்தால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வலி கவட்டையில் இருந்தால், அல்லது விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால், இதையெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.