பெயர் ஹாஸ்வெல், ஆனால் ஏவிஎக்ஸ் இல்லை

அக்கா மகன் சதுரங்கம் பழக பினாங்கில் ஒரு பழைய மேசைக்கணினி வாங்கினோம். உள்ளே இருந்தது இன்டெல்லின் பெண்டியம் ஜி3220 என்ற சில்லு. 2013இல் வந்தது, இரண்டு கோர், 3 கிகாஹெர்ட்ஸ். காய்ந்துபோன பேஸ்டைத் துடைத்தபோது சில்லின் மூடியில் ‘மலாய்’ என்ற முத்திரை தெரிந்தது, மலேசியாவில் அடைத்தது என்று பொருள். இன்டெல் ஆலைகள் இருக்கும் பாயான் லெப்பாசில் அடைத்ததோ, கூலிமிலோ! இன்டெல் 1972லிருந்தே பினாங்கில் இருக்கிறது.

லினக்ஸ் ஏற்றியாச்சு. அடுத்து ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலை, ஜிசிசி என்ற கம்பைலரால் இந்தச் சில்லுக்கு ஏற்றபடி கம்பைல் செய்ய வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் நிரலாகக் கட்ட வேண்டும்.

இந்தச் சில்லின் குடும்பம் ஹாஸ்வெல். ஹாஸ்வெல் என்றாலே ஏவிஎக்ஸ்2 உண்டு என்பார்கள்; ஏவிஎக்ஸும் அதன் அடுத்த பதிப்பான ஏவிஎக்ஸ்2வும் பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் கட்டளைகள். கோர் ஐ3, ஐ5, ஐ7க்கு அது சரி. அதே குடும்பத்துப் பெண்டியத்துக்கும் செலரானுக்கும் இன்டெல் அதைக் கொடுக்கவில்லை. சில்லின் திறன்களை லினக்ஸ் பட்டியலிடும் சிபியுஇன்ஃபோ கோப்பில் பார்த்தால், அதே வகையின் பழைய கட்டளைகளான எஸ்எஸ்இ4.2 இருக்கிறது, ஒன்று என்ற பிட்டுகளை எண்ணும் பாப்கவுண்ட் இருக்கிறது, ஏவிஎக்ஸ் வாடையே இல்லை.

என்னதான் ஆகும் பார்ப்போமே என்று, தசம எண்களைக் கூட்டும் ஒரு சின்ன சி நிரலை ‘மார்ச் ஹாஸ்வெல்’ (-march=haswell, ஹாஸ்வெல் கட்டளைகள் எல்லாவற்றையும் பயன்படுத்து என்னும் தெரிவு) போட்டுக் கம்பைல் செய்தேன். ஜிசிசி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடித்துக் கொடுத்தது. ஓடவிட்டதும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று ஒரே வரி, படுத்துவிட்டது.

மார்ச்சில் இந்தப் பெட்டிக்குக் கச்சிதமாகப் பொருந்துவது எக்ஸ்86-64-வி2, எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் வரை மட்டும் கேட்கும் பொதுப் படிநிலை. ஜிசிசி 11லிருந்து (2021) இந்தப் பெயர் செல்லும். வி3க்குப் போனால் ஏவிஎக்ஸ்2 கேட்கும். அதோடு எம்டியூன் ஹாஸ்வெல் (-mtune=haswell) என்ற தெரிவையும் சேர்த்தேன். டியூன் புதுக் கட்டளை எதையும் நுழைக்காது, இருப்பதை இந்தச் சில்லுக்குத் தோதாக அடுக்கும், அவ்வளவுதான். அதனால் பயமில்லை. சோதனை நிரல் ஒழுங்காக ஓடியது.

ஸ்டாக்ஃபிஷுக்கு அதன் மேக்ஃபைலிலேயே (கட்டும் விதத்தைச் சொல்லும் கோப்பு) சில்லு வகைகளுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. நான் எடுத்தது எஸ்எஸ்இ41-பாப்கவுண்ட். வெறும் எக்ஸ்86-64 கட்டமைப்போடு, ஸ்டாக்ஃபிஷின் வேகச் சோதனையான பெஞ்ச் ஓட்டி ஒப்பிட்டேன். தேடிய நோட் (ஆராய்ந்த ஆட்ட நிலை) எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நொடிக்கு எத்தனை நோட் என்பதில்தான் வித்தியாசம், அதுவும் நன்றாகவே தெரிந்தது. மேக்ஃபைலில் உள்ள புரொஃபைல்-பில்ட் என்ற கட்டும் முறை ஒருமுறை கட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கட்டும். இந்த இரண்டு கோரில் அதற்குள் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு வரலாம்.

என் லேப்டாப்பில் வேகமாகக் கட்டிக் கொண்டுவரலாம்தான். ஆனால் அங்கே மார்ச் நேட்டிவ் என்று போட்டால் ஜிசிசி லேப்டாப்பின் சில்லைத்தான் பார்க்கும், பெண்டியத்தை அதற்குத் தெரியாது. அப்படிச் செய்வதென்றால் எக்ஸ்86-64-வி2 என்று கையால் எழுதிவிடுவதே நல்லது. அடுத்து எல்டிஓவை (கோப்புகளை இணைக்கும்போது நிரல் முழுவதையும் சேர்த்து மேம்படுத்தும் வசதி) பார்க்க வேண்டும்.